செக்கிழுக்க வைத்தது ஜெயிலரா, சட்டமா?

கேள்வி: ஆகஸ்ட் 3, இரவு 9.12

கோவை ஜெயிலில் வ.உ.சி. செக்கிழுத்தது ஜெயிலரின் வன்மத்தால் என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வளர்ந்தோம். நேற்று டீக்கடையில் நண்பன் ஒருவன், "வெள்ளைக்காரன் ரூல் இல்லாம தும்மக்கூட மாட்டான், எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கும்" என்று அடித்துச் சொல்கிறான். ஒரு ஜெயிலருக்கு அப்படியொரு வேலை கொடுக்க அதிகாரம் இருந்ததா? அந்தக் காலத்து ஜெயில் விதிகள் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 11.05

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் வில்லங்கம்.

அன்றைக்கு அமலில் இருந்தது 1894-ம் வருஷச் சிறைச் சட்டம். நான் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்கிறவன், அதனால் அந்தச் சட்டத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு. அதில் செக்கு என்று எங்கேயும் கிடையாது. வேலை செய்ய வேண்டிய கைதியிடம் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது 35-ம் பிரிவு. எது கடின வேலை, எது லேசான வேலை என்று பிரிப்பதை விதிகளுக்கு விட்டுவிட்டது 59.

ஜெயிலர் விஷயம். நம் மனசில் இருக்கிற ஜெயிலர் கையில் பிரம்போடு நிற்கிற குட்டி ராஜா. சட்டத்தில் அவர் இரண்டாம் ஆள்தான். தண்டனை கொடுக்கிற அதிகாரம் சூப்பரிண்டெண்ட் கையில். விலங்கு மாட்டக்கூட ஜெயிலர் தானாக முடிவு செய்யக் கூடாது. அவசரத்துக்கு மாட்டினால் உடனே சூப்பரிண்டெண்டுக்குச் சொல்லியாக வேண்டும் (58).

மீதி நாளைக்கு. காலையில் கோர்ட் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, காலை 7.40

பஸ்ஸில் இருந்து: அந்த ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு வால் இருக்கிறது. அவசரம் என்று சூப்பரிண்டெண்ட் எழுதிக் கொடுத்தால் ஒன்பதைத் தாண்டலாம். இந்தச் சட்டத்தில் கைதிக்குச் சாதகமாக எந்தப் பிரிவை எடுத்தாலும் கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்திலோ ஒரு கையெழுத்திலோ போய்த்தான் முட்டும். நோட்டும் பேனாவும் யாரிடம் என்று பார்த்தால் எல்லாம் ஒரே ஆபீஸ் ரூமில்.

ஆகஸ்ட் 4, இரவு 10.20

கீழே ஒருவர் "செக்கு அந்தமான்ல இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அங்கேயும் இருந்தது. அது செல்லுலார் ஜெயில், 1906-ல் கட்டி முடித்தது, தேங்காயெண்ணெய்ச் செக்கு. வ.உ.சி. அந்தமானுக்குப் போகவில்லை. 1908-ல் திருநெல்வேலியில் இரட்டை ஆயுள், ஐகோர்ட்டில் அது ஆறு வருஷமானது, கோவை, பிறகு கண்ணூர், 1912 டிசம்பரில் விடுதலை. கோவை ஜெயில் வளாகத்தில் இன்றைக்கும் ஒரு செக்கை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது கேள்விக்கு. அவர் தன் சுயசரிதையைச் செய்யுளில் எழுதினார். அதில் வரிசை இப்படிப் போகிறது: முதலில் சணல் கிழிக்கிற இயந்திரத்தில் போடுகிறார்கள். அதைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிகிறது. ஜெயிலர் வந்து கையைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, மாட்டுக்குப் பதிலாகச் செக்குத் தள்ள வெயிலில் அனுப்புகிறார். என்ன அன்பு பார் என்று வ.உ.சி. அங்கே குத்தலாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்.

இந்த இடத்தை 35-ம் பிரிவோடு சேர்த்து வைத்துப் படியுங்கள். ஒரு வேலையால் கைதியின் உடம்பு கெடுகிறது என்று டாக்டர் கருதினால் அந்த வேலையில் அவனைப் போடக் கூடாது, அவனுக்கு ஒத்துவரும் என்று டாக்டர் நினைக்கிற வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். நல்ல பிரிவு. கைதி எழுதியதில் டாக்டர் இல்லை. ஜெயிலரின் கண் இருக்கிறது, கை புண்ணாகியிருக்கிறது, வேலை மாறுகிறது. இதையே ஆபீஸ் பாஷையில் எழுதினால் "கையில் காயம் கண்டு வேலை மாற்றப்பட்டது" என்று ஒரு வரியில் முடியும். ஐம்பது வருஷம் கழித்து ரிக்கார்டைப் புரட்டுகிறவன் சலுகை காட்டியிருக்கிறார்கள் என்றே நினைப்பான்.

அப்புறம் 46-ம் பிரிவு. தண்டனைப் பட்டியல் அது. அதில் எச்சரிக்கைக்கு அடுத்தபடியாகவே வருவது, இன்னும் கடுமையான வேலைக்கு மாற்றுவது. ஆக வேலையை மாற்றுவது 35-ல் மருந்து, 46-ல் தண்டனை. செக்கின் முன்னால் நிற்கிற ஆளுக்கு எது என்று எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 5, காலை 6.55

"அப்போ ஜெயிலர் குற்றவாளி இல்லைன்னு சொல்றீங்களா" என்று கேட்டவருக்கு: இல்லை சார். அந்தச் சட்டம் ஜெயிலருக்கு வன்மம் காட்டத் தனியாக அதிகாரம் எதுவும் கொடுக்கவில்லை, காட்டினால் அதை எழுதிக்கொள்ள நல்ல நல்ல பேராகக் கொடுத்தது. என் வாதம் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, இரவு 9.30

இந்தச் சட்டத்தைக் கைதிகளுக்கான சட்டம் என்று நினைத்துத்தான் எல்லோரும் திறப்பார்கள். நானும் அப்படித்தான் திறந்தேன். ஆனால் ஆரம்பத்தில் பக்கம் பக்கமாகப் போவது சிப்பந்திகளைப் பற்றி. அரசாங்கம் கைதியைவிடத் தன் ஆளைத்தான் அதிகம் சந்தேகப்பட்டிருக்கிறது.

அதிகாரி யாரும் கைதிக்கு எதையும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, நேராகவோ சுற்றி வளைத்தோ பணக் கொடுக்கல் வாங்கல் கூடாது (9). ஜெயிலுக்குச் சரக்குப் போடும் கான்ட்ராக்டில் பங்கு கூடாது (10). ஜெயிலர் ஜெயிலிலேயே குடியிருக்க வேண்டும், வேறு இடமென்றால் சூப்பரிண்டெண்டின் எழுத்து அனுமதி வேண்டும்; சிறைத்துறைத் தலைவரான ஐ.ஜி. எழுதிக் கொடுக்காமல் வேறு தொழில் பார்க்கக் கூடாது (16). சூப்பரிண்டெண்டின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக் கூடாது, தவிர்க்க முடியாமல் தங்கிவிட்டால் உடனே காரணம் சொல்ல வேண்டும் (19). ஜெயிலர் வீட்டம்மா பிறந்த வீட்டுக்குக் கிளம்பினால் துணைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கக்கூட மனுஷன் எழுதி வாங்க வேண்டும்.

இப்படி வரிசையாகத் தடை போட்டிருக்கிறார்கள் என்றால் அதற்கு முன்னால் இதெல்லாம் ஜாம்ஜாமென்று நடந்திருக்கிறது என்று அர்த்தம். அரிசிக் கான்ட்ராக்டில் கமிஷன் வாங்காதே என்று சும்மா ஒருவன் சட்டம் போடுவானா?

ஆகஸ்ட் 6, இரவு 10.45

கேட் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இதை என் மாமனாரிடம்தான் கேட்க வேண்டும். ஹெட் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் என்பது வேண்டாம்.

21-ம் பிரிவு கேட்காவலனின் கடமையைச் சொல்கிறது. உள்ளே போகிற, வெளியே வருகிற எதையும் அவன் சோதிக்கலாம். தடை செய்த பொருள் கொண்டுபோகிறான் என்று சந்தேகம் வந்தால் யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம். பொருள் கிடைத்தால் உடனே ஜெயிலருக்குச் சொல்ல வேண்டும். பீடிக்கட்டை உள்ளே தள்ளுகிறவனுக்கு ஆறு மாசம் வரை ஜெயில் அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் (42). அன்றைய இருநூறு ரூபாய் வார்டர் சம்பளக்காரன் வாழ்நாளில் மொத்தமாகப் பார்த்திராத பணம்.

மாமா சொன்னது: "மாப்ளே, ரெண்டு கேட்டும் ஒரே நேரத்துல தொறந்திருக்கக் கூடாது. அதான் மொதப் பாடம். வெளிக் கேட்ட சாத்திப் பூட்டு போட்டாத்தான் உள் கேட்டு சாவியத் தொடணும். சூப்பரிண்டெண்ட் வந்தாலும் சரி, மினிஸ்டர் வந்தாலும் சரி, நடுவுல நின்னுதான் ஆகணும்." பெரிய கதவைத் திறப்பது லாரிக்கும் வேனுக்கும்தான். மனிதர்களுக்கு அதிலேயே இருக்கிற திட்டிவாசல். அதன் உயரத்துக்கு யாராக இருந்தாலும் குனிய வேண்டும். உள்ளே இருக்கிற கைதியை மனுப் போட்டுப் பார்க்க வருகிற பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழந்தையை முதலில் உள்ளே விட்டு, பிறகு தாங்கள் குனிந்து வருவதை நானே எத்தனையோ தடவை வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். குழந்தையின் டவுசர் பாக்கெட்டையும் தடவிப் பார்ப்பார்கள்.

"அப்போ மாமா, உங்களையும் சோதிப்பாங்களா?" என்று கேட்டேன். "டூட்டி முடிஞ்சு போறப்ப டிபன் பாக்ஸ தொறந்து காட்டணும். நமக்கு அவமானமா இருந்துச்சு. ஆனா காட்டாதவனத்தான் கவனிக்கணும்" என்றார்.

ஆகஸ்ட் 7, இரவு 11.30

நேற்றிலிருந்து மனசில் உறுத்திக்கொண்டிருக்கிற பிரிவு 23. ஒரே வாக்கியம். ஜெயிலில் அதிகாரியாக நியமிக்கப்பட்ட கைதிகள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொருளில் அரசு ஊழியர்களாகக் கருதப்படுவார்கள்.

ஆமாம், கைதியே அதிகாரி. கன்விக்ட் வார்டர் என்பார்கள். படிகள் உண்டு: கொட்டடிக்குள் ராத்திரி விழித்திருந்து தலை எண்ணுகிற காவல்காரன், வேலை வாங்குகிற ஓவர்சியர், அதற்கு மேலே வார்டர். பதவிக்குத் தண்டனைக் குறைப்பும் கூடுதல். அரசாங்கத்துக்கோ சம்பளச் செலவு மிச்சம். ஜெயிலருக்கு அனுமதியில்லாமல் ராத்திரி வெளியே தங்கத் தடை, காவலனுக்கு டிபன் பாக்ஸ் சோதனை என்று இத்தனை கறாராக எழுதிய சட்டம், ராத்திரி முழுக்கக் கைதிகளோடு பூட்டிக் கிடக்கிற இந்த ஆளுக்கு ஒதுக்கியது ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் விதிப் புத்தகத்துக்குப் போய்விட்டது.

வக்கீல் கண்ணோடு பார்த்தால் இது படுமோசம். கொலைக் கேஸில் உள்ளே வந்து கன்விக்ட் வார்டரானவன் ஒருவன் வ.உ.சி.யைத் தள்ளுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் திருப்பித் தள்ளினால் கடமையில் இருந்த அரசு ஊழியர்மேல் கை வைத்த குற்றம். வக்கீல் தொழில் பார்த்த மனுஷன் அவர், இது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கன்விக்ட் வார்டரால் பட்ட தொல்லையையும் அந்தச் செய்யுளில் சொல்லியிருக்கிறார்.

மாமா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் இல்லாம பிளாக்க நடத்த முடியாது. எங்க எது ஒளிச்சிருக்கு, எவன் எவனோட பேசுறான், எல்லாம் அவனுக்குத்தான் தெரியும்." அதைத்தானே மாமா நானும் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 8, மதியம் 1.50

சாப்பாட்டு இடைவேளை. கைதியைக் கைதியே மேய்க்கிற முறை எங்கே வந்தது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: சிங்கப்பூர்ப் பக்கம் பாருங்கள். 1825 வாக்கிலிருந்து இந்தியக் கைதிகளை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள், அதில் சென்னை மாகாணத்து ஆட்களும் நிறைய. கைதிகளிலிருந்தே மேஸ்திரி, வார்டர் என்று ஏற்றி, அவர்களை வைத்தே ரோடு போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல் அவர்கள் கையால் எழுந்ததுதான். உள்சுவர் வழவழப்பு நம் ஊர்ச் சுண்ணாம்பு வேலை: முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த சாந்து. சிங்கப்பூர் போகிறவர்கள் மாலுக்குப் போகிற வழியில் ஒரு எட்டு எட்டிப் பாருங்கள்.

1919-20-ல் கார்டியூ தலைமையில் உட்கார்ந்த இந்திய ஜெயில் கமிட்டி இந்தக் கைதி அதிகாரி முறையைக் குறைக்கச் சொன்னது. அந்தமானுக்கு அனுப்புவதை நிறுத்தச் சொன்னதும் அதே கமிட்டிதான். சொன்னதெல்லாம் நடந்துவிட்டால் கமிட்டிக்கு ஏது வேலை.

ஆகஸ்ட் 9, இரவு 10.10

ஞாயிறு வரை எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஒரு யோசனை வந்து தூங்க விடவில்லை.

காகிதம் முழுக்க ஏமாற்று என்கிற மாதிரி மேலே எழுதியிருக்கிறேன். 15-ம் பிரிவை மறுபடி படித்தபோது அப்படி முழுசாகத் தள்ள மனம் வரவில்லை. கைதி செத்தால் டாக்டர் குறிக்க வேண்டியவை அதில் இருக்கின்றன: முதன்முதலில் உடம்பு சரியில்லை என்று சொன்ன நாள், அன்றைக்கு அவன் செய்துகொண்டிருந்த வேலை, அன்றைக்கு அவனுக்குக் கொடுத்த சாப்பாட்டு அளவு, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள், டாக்டருக்கு முதலில் தகவல் வந்த நாள், என்ன வியாதி, கடைசியாக எப்போது பார்த்தார்கள், எப்போது செத்தான். இந்த வரிசையை எழுதினவன் ஜெயிலில் மனுஷன் எதனால் சாகிறான் என்று தெரிந்தவன். சொன்ன நாளுக்கும் டாக்டர் காதுக்குப் போன நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்று ஒரு குறுக்கு விசாரணையில் கேட்டால் போதும், பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். சிறைச் சாவு வழக்கில் நான் இன்றைக்குக் கேட்பதும் கிட்டத்தட்ட இதையேதான்.

14-ம் பிரிவு இன்னும் ஆச்சரியம். ஜெயில் ஒழுங்கால் கைதியின் மனம் பாதிக்கப்படுகிறது என்று டாக்டருக்குத் தோன்றினால் எழுதிக் கொடுக்க வேண்டும், அது ஐ.ஜி. வரை போக வேண்டும். 1894-ல்!

பதினைந்து நாளைக்கு ஒருமுறை வேலை செய்கிற கைதியை நிறுத்து எடையை ஹிஸ்டரி டிக்கெட்டில் (ஒவ்வொரு கைதிக்கும் உள்ள விவரச் சீட்டு) எழுத வேண்டும் என்பதும் இதே சட்டம்தான். வ.உ.சி.யோடு அதே வழக்கில் தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். அவருக்கும் ஒரு டிக்கெட் இருந்திருக்கும், பதினைந்து நாளைக்கு ஒரு எடை ஏறியிருக்கும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் இந்தியாவில் பல ஜெயில்களுக்கு ராணுவப் பதவி கொண்ட டாக்டர்களே சூப்பரிண்டெண்டாக இருந்தார்கள். பிரம்படி அதிகபட்சம் முப்பது. பிரம்பு அரை அங்குலத்துக்குக் குறையாத கனம் இருக்க வேண்டும். தாங்குவான் என்று டாக்டர் சான்று தர வேண்டும். அடி கொடுக்கச் சொல்கிறவரும் சான்று தருகிறவரும் ஒரே ரக ஆள், ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்.

ஆகஸ்ட் 10, காலை 9.15

ஞாயிற்றுக்கிழமை, மாமா வீட்டில் இட்லி. 54-ம் பிரிவை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஜெயிலரோ அவருக்குக் கீழே உள்ளவரோ கடமை தவறினால், இரண்டு மாச நோட்டீஸ் இல்லாமல் வேலையை விட்டுப் போனால், லீவு முடிந்தும் வராவிட்டால், கோழைத்தனம் காட்டினால், மாஜிஸ்ட்ரேட் முன்னால் இருநூறு ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

மாமா சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "கோழைத்தனத்துக்கு மூணு மாசமா? யார்கிட்ட கோழைத்தனம்? கைதிகிட்டயா, சூப்பரிண்டெண்ட்கிட்டயா?" அத்தை உள்ளேயிருந்து, "என்கிட்டன்னா இவருக்கு ஆயுள்தான்" என்றார்.

சிரிப்பை விடுங்கள். பிரிவு "ஜெயிலரும் அவருக்குக் கீழுள்ளவர்களும்" என்று தொடங்குகிறது. சூப்பரிண்டெண்ட் அதில் இல்லை. வேலையை விட்ட வார்டர் ஜெயிலுக்குப் போகலாம், ஒன்பது மணி நேரத்தைப் பதினொன்றாக்கிக் கையெழுத்துப் போட்டவருக்கு இந்தப் பிரிவில் ஆபத்தில்லை.

ஆகஸ்ட் 10, இரவு 8.40

"இந்தச் சட்டம் இப்போதும் இருக்கா?" இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் மத்திய உள்துறை ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. சிறை மாநிலப் பட்டியல், மாநிலம் தன் சட்டசபையில் போட்டால்தான் உண்டு. நடுவில் கோர்ட்டுகள்தான் பழைய பிரிவுகளைச் செதுக்கியிருக்கின்றன. தூக்குக் கைதியைத் தனியாக ஒரு செல்லில் வைக்க வேண்டும் என்ற 30-ம் பிரிவுக்குத் தனிமைச் சிறை என்று அர்த்தமில்லை என 1978-ல் சுனில் பத்ரா வழக்கில் சொன்னார்கள். அந்தப் பெஞ்சில் இருந்த கிருஷ்ணய்யர் 1957-ல் கேரளத்தில் சிறைத்துறை மந்திரியாக இருந்தவர், ஜெயிலை உள்ளேயிருந்து பார்த்தவரும்கூட.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஜெயில் விதிப் புத்தகங்களில் இருந்த சாதிப்படி வேலைப் பிரிவினையை ரத்து செய்தது: சமைப்பவன் இந்தச் சாதி, கூட்டுபவன் அந்தச் சாதி. பாளையங்கோட்டையும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. இதை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. அவன் போய் எழுபத்தேழு வருஷமாக அந்த வரியை அச்சடித்தது நாம்தானே.

ஆகஸ்ட் 11, இரவு 11.15

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "சட்டம் தெரிந்த வ.உ.சி. ஏன் புகார் எழுதிப் போடவில்லை?" என்கிறார்.

அவர் ஒவ்வொரு நாளும் என்ன செய்தார் என்று பேச நான் ஆளில்லை. சட்டம் என்ன வழி வைத்தது என்று சொல்கிறேன். 45-ம் பிரிவு ஜெயில் குற்றங்களின் பட்டியல். வேலை செய்ய மறுப்பது, சோம்பேறித்தனம், நோய் வந்த மாதிரி நடிப்பது, ஹிஸ்டரி டிக்கெட்டில் கை வைப்பது எல்லாம் வரிசையாக வருகிறது. அதற்குள்ளேயே இருக்கிறது: அதிகாரி மீதோ சக கைதி மீதோ வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பது.

பொய்யா மெய்யா என்று விசாரிப்பவர் சூப்பரிண்டெண்ட். தீர்ப்பும் அவரே, தண்டனையும் அவரே. என்னென்ன தண்டனை? துணியைப் பிடுங்கிக்கொண்டு மூன்று மாசம் வரை சாக்கு உடுத்த வைக்கலாம், விலங்கு, தனிச் செல், பிரம்பு. தண்டனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பதிவும் சரி என்பதற்குச் சாட்சியாக ஜெயிலரும் சூப்பரிண்டெண்டும் பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும் (51). கைதிக்கு அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட இடமில்லை.

விதிகளை இங்கிலீஷிலும் உள்ளூர் பாஷையிலும் எழுதி மாட்ட வேண்டும் என்று 61 சொல்கிறது. எங்கே மாட்டுவது? ஜெயிலில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வந்து பார்க்கக்கூடிய இடத்தில்.